பதினோரு சென்ட்

ராத்திரி எட்டரை.
ராட்டர்டாமில் இன்னும் வெயில்.
திரையில் ஃபெம்கே சிரிக்கிறாள்.
நல்ல பெண். என் மகள் பிறந்தபோது
தொப்பி பின்னி அனுப்பியவள்.
"பீஸுக்குப் பதினோரு சென்ட் குறைக்க வேண்டும்.
டாக்காவில் ஒத்துக்கொண்டார்கள்."

காஸ்டிங் ஷீட்டைத் திறக்கிறேன்.
நூல், நிட்டிங், சாயம், கட்டிங், தையல்,
செக்கிங், பட்டன், பாலிபேக், அட்டைப்பெட்டி.
எந்த வரியில் ஒளிந்திருக்கிறது பதினோரு சென்ட்?
பஞ்சின் விலை நியூயார்க்கில் முடிவாகிறது.
சாயத்தண்ணீரைக் காய்ச்சி உப்பெடுக்கும் செலவு
கோர்ட்டில் முடிவாகிவிட்டது.
டாலர் எங்கே முடிவாகிறது என்று
எனக்கும் தெரியாது, எங்கள் முதலாளிக்கும் தெரியாது;
அவர் தினமும் காலையில் அதைப் பார்த்துவிட்டுத்தான்
சாமி படத்தைப் பார்க்கிறார்.

"சீனாக்காரன் விட்டதெல்லாம் இனி நமக்குத்தானுங்க"
என்று பேப்பரை மடிக்கிறார் சென்னியப்பன்.
நாடு ஏழு சதவீதம் வளர்ந்திருக்கிறதாம்.
போன மாசம் எத்தியோப்பியா போய்
ஷெட் பார்த்து வந்தார்.
அங்கே கூலி நம்மில் கால்வாசி.

நொய்யலுக்கு வடக்கே புதுக் குடோனுக்குக்
கடைக்கால் தோண்டும்போது
பொங்கியண்ணனின் ஜேசிபி ஒரு பானையை உடைத்தது.
தாசில்தார் வருமுன்
ஒரு காசு என் உள்ளங்கையில் இருந்தது.
வெள்ளி. தடித்த கழுத்து ராசா.
கன்னத்தில் நீளமாய் ஓர் உளிவெட்டு.

"உள்ளே செம்பா என்று
நம்மாள் வெட்டிப் பார்த்திருக்கலாம்" என்றார்
தொல்லியல் துறைக்காரர்,
'கலாமை' கொஞ்சம் அழுத்தி.

அன்றிலிருந்து அந்த நம்மாள்
என் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறான்.
கணவாய் தாண்டி வந்தவன் காசை நீட்டுகிறான்.
பாதி உலகத்தை ஆளும் முகம் அதில்.
இவனுக்கு அந்தப் பெயரைச் சொல்ல வாய் வராது.
உளியை வைத்து ஒரே போடு.
சரி, வெள்ளிதான். இந்தா உன் கல்மணி.
ஆடிட் வந்தால் எனக்கு நடுங்கும் கை
அவனுக்கு நடுங்கவில்லை.
இங்கே தங்கமாய்க் கொட்டித் தீர்க்கிறோமே என்று
கடலுக்கு அப்பால் பெரிய மனிதர்கள் புலம்பினார்களாம்.

பிறகு ஒரு காலம்.
கப்பலேறிய நம் பஞ்சு
வேட்டியாய்த் திரும்பி வந்தது.
போகும்போதும் விலை அவர்கள் சொன்னது,
வரும்போதும் அவர்கள் சொன்னது.
அந்தக் காசிலும் ஒரு ராசா தலை.
உளியெடுக்க ஆளில்லை.

ஆனால் ஒன்று.
சிவப்புக் கல்லை அரைத்து
மயிரிழைத் துளை போட்டவனுக்கு
மணிக்கு என்ன கூலி கொடுத்தான் நம்மாள்?
எந்தப் பானையும் இதுவரை அதைச் சொல்லவில்லை.

"ஆறு" என்கிறேன்.
"பத்து" என்கிறாள்.
ஒன்பதில் முடிகிறது. இருவரும் நன்றி சொல்கிறோம்.
அவளுக்கும் மேலே யாரோ இருப்பார்கள்,
முகத்தில் அத்தனை நிம்மதி.

மணி ஒன்பதே கால்.
வேலம்பாளையத்துக்குப் போன் போடுகிறேன்.
"துளசிமணி, தையலில் அறுபது பைசா குறையணும்."
"ஏனுங் மேடம், நூத்திப்பத்துப் பேருங்க.
முக்காவாசி ஒடிசாப் பிள்ளைங்க.
வாடகையே ஏத்திப் போட்டானுங்க."
"தெரியுதுங்க. பக்கத்து யூனிட்டில்
ஒத்துக்கிட்டாங்களே."

பக்கத்து யூனிட்டில்
நான் யாரையும் கேட்கவில்லை.

அவள் பேசவில்லை.
போனுக்குள் மிஷின்கள் ஓடுகின்றன,
ஓவர்டைம் சத்தம்,
நடுவில் யாரோ ஒரு பையன்
எனக்குப் புரியாத பாஷையில் பாடுகிறான்.
இழுத்து, நிறுத்தி, மறுபடி எடுக்கிறான்.

"சரிங்" என்கிறாள் துளசிமணி.

தையல் வரியில் எண்ணை மாற்றுகிறேன்.
மொத்தம் தானாகவே மாறிக்கொள்கிறது.